இருபத்து நான்காவது பருந்தந்து

மிளகை ஒரு கை அள்ளி, முகர்ந்து, ஒன்றைக் கடித்துத் துப்பிவிட்டு "தள்ளு" என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர் செல்லப்பா. கொச்சியில், கொச்சங்காடியில், மிளகும் ஏலமும் வந்து இறங்குகிற ஒரு மலைச்சரக்குக் கிடங்கில் இருபத்தெட்டு வருடமாக இதுதான் வேலை. வயநாட்டிலிருந்தும் இடுக்கியிலிருந்தும் வருகிற மூட்டைகளில் ஈரம் எவ்வளவு, பொக்கு எவ்வளவு, எந்தப் புண்ணியவான் பப்பாளி விதையைக் கலந்திருக்கிறான் என்பதையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். நல்ல மிளகைப் பார்த்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் சும்மா இருந்தால் சரக்கு நல்லது என்று கூலிக்காரர்கள் தாங்களாகவே புரிந்துகொண்டு மூட்டையைத் தைத்துவிடுவார்கள்.

மனிதர்களையும் அவர் அப்படித்தான் கடித்துத் துப்புவார். முதலாளிக்கு மூளை இல்லை, முதலாளி மகனுக்கு இருந்திருந்தால் துபாய்க்குப் போயிருப்பான், மலையாளிக்கு வாய் அதிகம், தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வருகிறவனுக்கு அடக்கம் இல்லை. தானும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்தான் என்பது இந்தத் தீர்ப்புகளின்போது அவர் நினைவுக்கு வராது. அவர் தள்ளாமல் வைத்திருந்த ஆள் மனைவி அமுதவள்ளி ஒருத்திதான். அவளும் அவர் பேசுவதைக் காதில் வாங்குவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

கிடங்கு வேலை போக மிச்ச நேரமெல்லாம் அவருக்குப் பருந்தந்து. விட்டில் பூச்சியில் கொஞ்சம் தடித்த ஜாதி அது. பருத்த உடம்பும் கூரான சிறகுமாக வரும். பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே நீளக் குழலை நீட்டித் தேன் குடிக்கும். அரளி இலை தின்று வளர்கிற பச்சை, முதுகில் மண்டையோடு வரைந்தது போல இருக்கிற எள்ளுச்செடிப் பூச்சி, சேம்பு இலையில் வளர்வது, பட்டப்பகலில் வண்டு மாதிரி இரைந்துகொண்டு திரிகிற கண்ணாடிச் சிறகன் என்று கொச்சித் தாலுகாவுக்குள் பதினோரு வருடத்தில் இருபத்து மூன்று வகைகளை அவர் பிடித்திருந்தார். இருபத்து மூன்றும் அவர் வீட்டு மரப்பெட்டிகளில் அந்துருண்டை வாசனையோடு ஊசியில் நின்றன. ஒவ்வொன்றின் கீழும் பிடித்த இடம், தேதி, நேரம் எழுதிய சின்னச் சீட்டு இருந்தது.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. உடல் இல்லாவிட்டால் பதிவு இல்லை. பூச்சியைப் பார்த்தேன், படம் எடுத்தேன் என்பதெல்லாம் வேலை இல்லாதவர்கள் பேச்சு. பிடித்துக் கொன்று ஊசியில் குத்தி வைத்தால்தான் அது இருக்கிறது என்று அர்த்தம். கொல்வதிலும் ஒரு முறை வைத்திருந்தார். வலைக்குள் படபடக்க விட்டால் சிறகின் தூள் உதிர்ந்துவிடும். தூள் உதிர்ந்த பூச்சி அவருக்குப் பொக்கு மிளகு. ஆகவே கண்ணில் பட்ட ஒரு நிமிடத்துக்குள் மருந்துப் புட்டிக்குள் போய்விட வேண்டும். தன்னிடம் சிக்கிய எந்தப் பூச்சியும் ஒரு நிமிடத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பதினோரு வருடத்தில் ஒரு பருந்தந்து ஐந்து நிமிடம் உயிரோடு என்ன செய்கிறது என்று அவர் நின்று பார்த்ததே இல்லை என்பதுதான் இதற்கு அர்த்தம். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சொன்னவரைத் தள்ளியிருப்பார்.

இத்தனைக்கும் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தப் பட்டியல் சுத்தமானது. சந்தேகமான ஒன்றை எண்ணிக்கைக்காக அவர் சேர்த்ததில்லை. ஒருமுறை சிறகு ஒடிந்த ஒரு பூச்சியை இரண்டு வருடம் தனியே வைத்திருந்து, நல்ல உடல் கிடைத்த பிறகுதான் அதற்கு இடம் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் யாரும் விரல் வைத்துக் குறை சொல்ல முடியாத ஒரே பொருள் அதுதான். அது அவருக்கே தெரியும். ஊரையெல்லாம் தள்ளுவதற்கு அவருக்கு இருந்த தைரியம் அங்கிருந்துதான் வந்தது.

எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிற சீதாலக்ஷ்மி, அந்துப்பூச்சி பார்க்கிறவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்திவந்தாள். பாலக்காட்டுக்காரி, நாற்பது வயது, கோபப்படத் தெரியாதவள். குழுவில் நாற்பது பேர். காலையில் எழுந்ததும் வராந்தா விளக்கடியில் கிடந்ததைப் படம் எடுத்து ஆளுக்கு ஒன்று போடுவார்கள். செல்லப்பா எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போடுவார்: "தள்ளுபடி." போர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் பரிமாறுகிற இசக்கிராஜா, சுவர் ஓட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பூச்சியை ஒன்பது கோணத்தில் படம் எடுத்துப் போட்டான். ஒன்பதுக்கும் தனித்தனியாகத் தள்ளுபடி வந்தது. அவன் செல்லப்பாவின் ஊர்ப்பக்கத்துக்காரன் வேறு. அதனால் கடைசியில் ஒரு வரி கூடுதலாக வந்தது: "பரிமாறுகிறவன் பரிமாறினால் போதும்."

கொச்சியின் பருந்தந்துகள் என்று ஒரு சிறு புத்தகம் போடலாம் என்பது சீதாலக்ஷ்மியின் யோசனை. செல்லப்பாவின் இருபத்து மூன்றோடு, நல்ல படம் இருக்கிற மூன்றையும் சேர்க்கலாம் என்றாள். அதில் இசக்கிராஜாவுடையதும் ஒன்று. செல்லப்பா நிபந்தனை போட்டார். உடல் இல்லாமல் படம் மட்டும் இருக்கிற மூன்றும் வரக் கூடாது, தன் பெயர் மட்டும் வர வேண்டும், முன்னுரையும் தானே எழுதுவார். பெட்டிகள் அவரிடம் இருந்தன. அவள் இரண்டு நாள் வாதாடிப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுத்ததற்காக அவர் அவளை இன்னும் கொஞ்சம் கேவலமாக நினைத்தார்.

அச்சுக்குப் போக ஒரு வாரம் இருந்தபோதுதான் அது கிடைத்தது.

கிடங்கை ஒட்டிய காலி மனையில் சுலைஹா செடி விற்றாள். பழைய பெயின்ட் டப்பாவிலும் பிளந்த பக்கெட்டிலும் மண் போட்டுச் செம்பருத்தி, குரோட்டன், கறிவேப்பிலை, கந்தராஜன் எல்லாம் வளர்ப்பாள். கந்தராஜன் என்பது வெள்ளையாகத் தடித்த பூ, வாசனை தெருமுனை வரை வரும். கேட்டு வாங்குகிறவர்கள் அதிகம். அதன் இலையைத் தின்ன பின்பக்கம் கொம்பு வைத்த பச்சைப் புழு வரும். சுலைஹா நாள் முழுக்க அவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பாள். ஒரு காலை கிடங்கு திறக்கப் போன செல்லப்பா, கந்தராஜன் தண்டில் ஒரு பருந்தந்து தொங்குவதைப் பார்த்தார். அப்போதுதான் சிறகு விரிந்து காய்ந்திருந்தது. சாம்பல் வெள்ளிப் பூச்சுப் பூசிய சிறகில் ஒரு கீறல்கூட இல்லை. பையிலிருந்து புட்டியை எடுத்தார். ஒரு நிமிடம் ஆகவில்லை, முடிந்தது.

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சுலைஹா நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, அது இப்பத்தானே வந்துது. ஒண்ணு குலுங்கக்கூட விடல்லியே" என்றாள்.

குலுங்குவது என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. செடி விற்கிற பொம்பளையிடம் பூச்சிப் பாடம் படிக்கிற நிலைமை தனக்கு இன்னும் வரவில்லை என்று, அவள் காதில் விழுகிற மாதிரியே சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு இரவு உட்கார்ந்தார். உடம்பு அசல் கண்ணாடிச் சிறகன். பச்சை முதுகு, இடுப்பில் செம்பட்டை, வால் நுனியில் கறுப்புக் குஞ்சம். ஆனால் அவரிடம் இருந்த எட்டுக் கண்ணாடிச் சிறகன்களுக்கும் சிறகு கண்ணாடிதான், ஒரு பக்கம் பார்த்தால் மறுபக்கம் தெரியும். இதற்கோ சிறகு முழுக்கத் தூள். சித்தப்பா மகனும் பெரியப்பா மகனும் ஒரே ஜாடையில் இருப்பதில்லையா, இது அந்த வம்சத்தில் இதுவரை யாரும் பார்க்காத கிளை என்று முடிவு செய்தார். அவரிடம் இருந்த இரண்டு புத்தகத்திலும் அப்படி ஒன்று இல்லை. இல்லாததையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார். விஷயம் தெரிந்தவர் ஒருவரைக் கேட்டிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். கேட்டால் கண்டுபிடிப்பில் பங்கு கொடுக்க வேண்டி வரும் என்று கேட்கவில்லை.

புத்தகம் இருபத்து நான்கு இனங்களோடு அச்சானது. கடைசிப் பக்கத்தில் அது மட்டும் முழுப் பக்கப் படமாக, பெயர் சூட்டப்பட வேண்டிய புதிய இனம் என்ற குறிப்போடு நின்றது. கைப்பேசியில் எதையாவது மங்கலாகப் பிடித்துவிட்டு அதை அறிவியல் என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை என்று முன்னுரையில் எழுதினார். நல்ல மலையாளத்தில், எல்லாருக்கும் உறைக்கிற மாதிரி எழுதினார். முந்நூறு பிரதி வந்து இறங்கியது. இடப்பள்ளியில் ஒரு சின்ன மண்டபத்தில் ஞாயிறு பதினோரு மணிக்கு வெளியீடு.

சனிக்கிழமை காலை சுலைஹாவிடம் போனார். இரண்டாவதாக ஒன்று கிடைத்தால் மேடையில் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று ஆசை. நேரடியாகக் கேட்க மனம் வரவில்லை. கந்தராஜனுக்கு என்ன உரம் போடுகிறாய் என்று ஆரம்பித்தார். அவள் உரத்தைப் பற்றிப் பேசாமல் ஒரு பிளாஸ்டிக் மக்கை எடுத்து அவர் முன் வைத்தாள். தொட்டி மாற்றும்போது மண்ணிலிருந்து எடுத்த இரண்டு கூட்டுப்புழுக்கள் அதில் சருகின் மேல் கிடந்தன. ஒன்று கறுத்து, இப்போதோ இன்னும் கொஞ்ச நேரத்திலோ என்று இருந்தது. மற்றது பழுப்பு மாறாமல் கிடந்தது.

"இது இன்னைக்கு வரும். மத்தது நாளைக்கு" என்றாள். மக்குக்குள் ஒரு குச்சியைச் சாய்த்து வைத்தாள்.

எட்டரை மணிக்கு ஓடு வெடித்தது. ஈரமாக, அசிங்கமாக ஒன்று வெளியே வந்து குச்சியில் ஏறித் தொங்கியது. சிறகு சுருண்டு காய்ந்த இலை போல இருந்தது. இப்போது கொன்றால் பிரயோஜனம் இல்லை, சிறகு விரிந்து காய வேண்டும். வேறு வழியில்லாமல் செல்லப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். சுலைஹா சாயா கொண்டுவந்து கொடுத்தாள். அதில் சர்க்கரை அதிகம் என்று சொல்லிவிட்டுக் குடித்தார். மெல்ல மெல்லச் சிறகு நீண்டு விரிந்தது. அதே சாம்பல் வெள்ளி. அதே கீறலில்லாத பூச்சு. அவர் புட்டியைக் கையில் எடுத்தார். இரண்டாவது கிடைத்துவிட்டது.

புட்டியின் மூடியைத் திறந்தபோது கிடங்கிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். இடுக்கி லாரி வந்து நிற்கிறதாம், சரக்கு பார்க்க வேண்டுமாம். ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று அவனிடம் எரிந்து விழுந்தார். அந்தச் சண்டை கொஞ்சம் நீண்டுவிட்டது. அவர் திரும்பியபோது பூச்சி குச்சியின் நுனிக்கு ஏறியிருந்தது. சிறகை ஒருமுறை மெதுவாக அசைத்தது. பிறகு உடம்பு முழுக்க நடுங்குகிற வேகத்தில் குலுங்கியது. வெயிலில் தூள் பறந்தது. மாவு சலிக்கிறபோது பறக்குமே, அப்படி. சருகின் மேலும் மக்கின் விளிம்பிலும் சாம்பல் வெள்ளியாகப் படிந்தது. குலுங்கி முடிந்தபோது சிறகில் பூச்சு இல்லை. கண்ணாடியாக, பின்னால் இருந்த செம்பருத்தி தெரிய, அது அந்தரத்தில் எழுந்து இரைந்தது. மதிலைத் தாண்டிப் போய்விட்டது.

சுலைஹா புடவைத் தலைப்பால் மக்கின் விளிம்பைத் துடைத்தாள். தினம் பார்க்கிறவளுக்கு அதில் ஒன்றும் இல்லை.

செல்லப்பா புட்டியை மூடினார். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சொல்ல வேண்டியதை யாரும் சொல்லத் தேவையில்லை. புதிய இனம் எதுவும் இல்லை. பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத கண்ணாடிச் சிறகனை, அது குலுங்குவதற்கு முன்னால் கொன்று, அதற்கு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறார். இந்த ஊரில் கந்தராஜன் வைத்திருக்கிற எந்த வீட்டுக்காரிக்கும் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. ஒரு நிமிடத்துக்குள் கொல்கிற சாமர்த்தியம் இல்லாத எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்கவே முடியாது. பட்டியல் மறுபடி இருபத்து மூன்றுதான். அச்சாகிக் கட்டாகி நிற்கிற முந்நூறு புத்தகத்திலும் பொய் இருக்கிறது.

கிடங்கில் அன்று எந்த மூட்டையையும் அவர் தள்ளவில்லை. அதனால் என்ன சரக்கு உள்ளே போனது என்று கடவுளுக்கே வெளிச்சம்.

மாலையில் சீதாலக்ஷ்மிக்கு எழுத உட்கார்ந்தார். கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிடலாம், அல்லது ஒரு திருத்தச் சீட்டு ஒட்டலாம். அவள் ஒரு வார்த்தை குத்திப் பேச மாட்டாள், அதுவும் தெரியும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அத்தனை சீட்டையும் ஒட்டிவிடலாம். "ஒரு திருத்தம்" என்று தட்டினார். இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். இசக்கிராஜா கண் முன் வந்தான். அவன் சிரித்து ஒரு பொம்மை முகம் அனுப்புவான். பிறகு நாற்பது பேரும் அனுப்புவார்கள். இத்தனை நாள் தள்ளுபடிக்கும் சேர்த்து அனுப்புவார்கள். எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அமுதவள்ளி சாப்பிடக் கூப்பிட்டாள். பசிக்கவில்லை என்றார். அவள் காதில் வாங்கவில்லை, தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் சுலைஹாவின் மனையில் நின்றார். அவள் மேடையில் விருந்தாளிகளுக்குக் கொடுக்க கந்தராஜன் கன்றுகளை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். சீதாலக்ஷ்மிதான் பத்துக் கன்று கேட்டிருந்தாள், சுலைஹாவையும் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தாள். மற்ற கூடு வெடித்திருந்தது. பூச்சி குச்சியில் தொங்கி, சிறகு விரித்து, அசையாமல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்த முறை கிடங்கு ஆள் யாரும் வரவில்லை. சிறகு முதல் முறை மெதுவாக அசைந்ததும் புட்டியைக் கவிழ்த்தார்.

சுலைஹா கையில் இருந்த தொட்டியை இறக்கி வைத்தாள்.

"அண்ணாச்சி, நேத்திக்குப் பாத்ததுதானே இது" என்றாள்.

"உன் வேலை செடி. பூச்சியை என்கிட்ட விடு" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். அதில் கோபம் இல்லை. அழுகின செடியைத் திருப்பிக் கொண்டுவந்து, வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்று சாதிக்கிற ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்களைப் பார்க்கிற பார்வைதான் அது. பிறகு தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

செல்லப்பா வீட்டில் அதை ஊசியில் குத்தினார். சீட்டு எழுதினார். கொச்சங்காடி, இன்றைய தேதி, காலை ஏழு நாற்பது. இடமும் தேதியும் நேரமும் அத்தனையும் உண்மை. அதில் ஒரு நிமிடம்கூட மாற்றி எழுத அவருக்குக் கை வரவில்லை என்பதை அவருடைய நேர்மை என்று எண்ணிக்கொண்டார். மனிதனுக்கு வெட்கம் போன பிறகும் பழக்கம் போவதில்லை.

மண்டபத்தில் எழுபது பேர் இருந்தார்கள். பக்கத்து மாலில் படம் பார்க்க வந்து, டிக்கெட் கிடைக்காமல் ஏசிக்காக உள்ளே வந்தவர்கள் சிலரும் அதில் உண்டு. செல்லப்பா கண்ணாடி மூடிய பெட்டியை மேஜையில் வைத்தார். இரண்டு வெள்ளிச் சிறகுகள் பக்கம் பக்கமாக இருந்தன. கூட்டம் குனிந்து குனிந்து பார்த்தது. கைப்பேசியில் படம் எடுத்தது. அவர் தடுக்கவில்லை.

இசக்கிராஜா முன்னால் வந்தான். ஹோட்டலில் அரைநாள் லீவு போட்டு, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பெட்டியை நெடுநேரம் பார்த்தான்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. உடம்பு நம்ம கண்ணாடிச் சிறகன் மாதிரியே இருக்கே?" என்று கேட்டான்.

அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி அதுதான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் எதிரிலேயே வழி திறந்து கிடந்தது. செல்லப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"தள்ளு. சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரிஞ்சா உனக்குப் போதும்" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இசக்கிராஜாவும் சிரித்தான். காது மடல் சிவக்க ஒதுங்கி நின்று, மற்றவர்கள் பார்க்க இடம் விட்டான்.

சீதாலக்ஷ்மி பேசியது கொஞ்ச நேரம்தான். சாருடைய நிபந்தனை கடுமையானது என்று இரண்டு நாள் சண்டை போட்டது தான்தான் என்று ஆரம்பித்தாள். பிறகு பெட்டியின் மேல் கை வைத்தாள்.

"இதைப் பாத்தப்புறம் ஒத்துக்கறேன், சார் சொன்னதுதான் சரி. படம் எடுத்தா போதும்னு இருந்திருந்தா இது கிடைச்சிருக்காது. நாங்க சேக்கச் சொன்ன மூணையும் வாபஸ் வாங்கிக்கறோம். இனிமே குழுவில சார் வெச்ச சட்டம்தான்" என்றாள்.

கை தட்டினார்கள். இசக்கிராஜாதான் எல்லாரையும் விட ஓங்கித் தட்டினான். ஹோட்டல் சுவரில் அவன் ஒன்பது கோணத்தில் எடுத்த பூச்சி அசல் பூச்சி. கொச்சியில் உண்மையிலேயே இருக்கிற பூச்சி. அது வெளியே போய்விட்டது. இல்லாத பூச்சி உள்ளே இருக்கிறது. அதற்கு அவனே கை தட்டுகிறான். செல்லப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்தார். எழுபது பேரில் ஒருத்தருக்குக்கூட, அது எத்தனை நிமிடம் உயிரோடு இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லையே, மடையர்கள் என்று நினைத்தார். நினைத்தபோது வழக்கமாக வருகிற சுகம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவர்கள் நம்பினார்கள் என்பதற்காக அவர்களை வெறுத்தார். வாழ்நாளில் முதல் முறையாக, அந்த வெறுப்பின் வரிசையில் தன் முகமும் நிற்பதைக் கண்டார். அதைத் தள்ள ஆள் இல்லை.

மூன்றாவது வரிசையில் சுலைஹா உட்கார்ந்திருந்தாள். செடி கொடுத்தவளுக்கும் ஒரு வார்த்தை என்று சீதாலக்ஷ்மி அவளை எழுப்பி நிறுத்தினாள். சாருக்கு இந்தப் பூச்சி உங்க தோட்டத்திலதான் கெடைச்சுதாமே, நீங்க இதை முன்னாடி பாத்திருக்கேளா என்று மைக்கை நீட்டினாள். செல்லப்பா நாற்காலியின் நுனிக்கு வந்தார். சுலைஹா மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குச் செடிதான் தெரியும். பூச்சி விஷயமெல்லாம் அண்ணாச்சிக்கு விட்டாச்சு" என்றாள்.

கூட்டம் மறுபடி கை தட்டியது. செல்லப்பாவுக்கு மூச்சு வந்தது. கூடவே, இவள் காப்பாற்றி ஆக வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோமே என்ற அவமானமும் வந்தது.

சாப்பாடு முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். இசக்கிராஜா பெட்டியைத் தானே தூக்கிக் காரில் வைப்பதாகச் சொல்லி, ஆட்டம் கொடுக்காமல் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ஏந்திக்கொண்டு முன்னால் போனான். சுலைஹா காலி டிரேயோடு படியில் செல்லப்பாவின் பக்கம் வந்து நின்றாள். முகத்தில் கேலி இல்லை. வாடிக்கைக்காரரிடம் பேசுகிற குரலில்தான் பேசினாள்.

"அண்ணாச்சி, இன்னும் மூணு தொட்டி மண்ணு மாத்தாம கெடக்கு. கூடு இருக்கும். பெட்டிக்கு இனியும் வேணும்னா சொல்லுங்க. குலுங்கறதுக்கு முன்னாடி விளிச்சுச் சொல்றேன்."

செல்லப்பா திரும்பிப் பார்த்தார். சீதாலக்ஷ்மி உள்ளே மிச்சப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். காதில் விழுகிற தூரத்தில் யாரும் இல்லை.

"காலையில ஏழு மணிக்கு முன்னாடி விளி" என்றார்.